குற்றமில்லாத நீலம்

மோதிரம் கழுவுவதற்குச் சின்னப் பிள்ளைகளின் பல் பிரஷ்தான் நல்லது, மிஸ். அதன் தும்பு மெதுவானது. கல்லுக்குப் பின்னாலுள்ள ஓட்டைக்குள் வடிவாக நுழையும். நான் சிவானியின் பழைய பிரஷை வைத்திருந்தேன்.

வெள்ளவத்தையில் அக்கா நிஷாந்தியின் பிளாட்டில் சமைத்துக்கொண்டு, அவளுடைய மகள் சிவானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முதல் கொட்டாஞ்சேனையில் ஸாலிஹ் நானாவின் கடையில் கல் துடைத்தேன். அத்தானுக்கு ஏழரைச் சனி, நீலக்கல் மோதிரம் போடவேண்டும் என்று சாத்திரி சொன்னபோது அந்தக் கல்லை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். சுடாத கல். லென்ஸ் வைத்துப் பார்த்தால் உள்ளே பட்டு நூல்போல மெல்லிய இழைகள் தெரியும். நிறம் கூட்டுவதற்கு நெருப்பில் போட்ட கல்லில் அந்த இழைகள் கரைந்துபோய்விடும்.

"இதுல ஒரு குத்தமும் இல்ல, மகள்," என்றார் ஸாலிஹ் நானா. குற்றம் என்றால் எங்கள் கடையில் வெடிப்பு, கீறல், கறை.

நீலத்தை யாரும் உடனே வாங்குவதில்லை. போட்டுப் பார்ப்பார்கள். சனிக்கிழமைக்குள் வீட்டில் கெட்டது ஏதும் நடந்தால், கல் ஒத்துவரவில்லை என்று திருப்பிக் கொடுக்கலாம். நடக்காவிட்டால் அது அத்தானுக்கே.

கல் தோலில் முட்டவேண்டும் என்பதால் மோதிரத்தின் அடிப்பக்கம் திறந்திருக்கும். அத்தான் அதோடேயே சாப்பிடுவார். மீன் குழம்பையும் சோற்றையும் பிசைந்து, முழங்கை வரை வழிவதை நக்குவார். பல்லில் சிக்கிய முள்ளை அதே விரலால் தோண்டுவார். பிறகு மோதிரத்தைக் கழற்றி எச்சில் கோப்பைக்குள் போடுவார்.

"ஜீவா, கழுவிக்கொண்டு வா. கல்லுக்கும் பசிக்கும்தானே."

"கழற்றி வச்சிட்டுச் சாப்பிடலாமே, அத்தான்."

"உனக்கேன் நோகுது? உன்ர புருஷனோ அது?"

அக்காவும் சிரித்தாள். நான் குசினியில் நின்று அந்த ஓட்டையைத் தோண்டினேன். மஞ்சள் களிபோல வந்தது. புளித்த மணம். நீலம் பீளை கட்டிய கண்போல இருந்தது.

கெட்டது ஒன்று நடக்கட்டும் என்று பழுதான மீனைச் சமைத்தேன். அத்தான் சத்தி எடுத்துக் களைத்து, "மீன்காரன் ஏமாத்திப்போட்டான்," என்றார். அவருடைய போனைத் தண்ணீர் வாளிக்குள் போட்டேன். "நல்லதாப் போச்சு, புதுசு வாங்கலாம்," என்றார். அவருக்கு என்ன நடந்தாலும் கல்லை விடமாட்டார் என்று அப்போது விளங்கியது.

தவணை முடிகிற சனிக்கிழமை காலை மூன்று பேரும் கடற்கரைக்கு வெளிக்கிட்டார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. கடலோரத் தண்டவாளத்தில் கோச்சி பார்ப்பதற்காகச் சிவானி எப்போதும் எல்லோருக்கும் முதல் ஓடுவாள். வாசலுக்கு வெளியே மேல் படியில் தேங்காயெண்ணெய் ஊற்றி, கையால் தடவிவிட்டேன். உள்ளே வந்து அவளுக்குச் சப்பாத்துப் போட்டுவிட்டேன்.

"கோச்சி வருது, குஞ்சு, ஓடு," என்றேன்.

அவள் கத்தவில்லை. அக்காதான் கத்தினாள். அவர்கள் கீழே ஓடியபோது நான் படியைத் துடைத்தேன்.

செத்தவீட்டுக்கு ஸாலிஹ் நானா வந்தார். அத்தான் மோதிரத்தைக் கழற்றி அவருடைய காலடியில் எறிந்தார். "பிள்ளையைத் திண்ட கல்லு. கொண்டு போங்கோ."

நான் அதைப் பொறுக்கிக் கழுவிக் கொடுத்தேன். நானா கையில் வாங்கவே பயந்தார். "இத இனி ஒருத்தரும் வாங்க மாட்டாங்க, மகள். கடல்ல போடப்போறேன்," என்றார்.

அதனால்தான் நானாகப் பொலிஸுக்கு வந்தேன். செய்யாத ஒன்றுக்காக அந்தக் கல் கடலுக்குப் போகக்கூடாது. எண்ணெய் ஊற்றியது நான். ஓடு என்றதும் நான். நானாவுக்கு இப்போதே போன் பண்ணிச் சொல்லுங்கள்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அந்தக் கல்லை இங்கே எடுப்பித்து, வெளிச்சத்தில் பிடித்து நீங்களே பாருங்கள், மிஸ். ஒரு குற்றமும் இல்லை.