குக்கர் விசில் கேசட்

சினிமாப் பாட்டு இல்ல அண்ணாச்சி. எந்தப் படம்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? இது எந்தப் படத்துலயும் வராது, ரேடியோவுலயும் வராது. வாக்மேன காதுல மாட்டியிருக்கேன், அதுல இருந்து வெளிய அவ்வளவு சத்தமாவா கேக்கு? இருங்க, நிப்பாட்டிருதேன். பேட்டரியும் தீந்துரும்.

இங்கிலீஷ்தான். ஆனா பாடுதவ வெள்ளைக்காரி இல்ல. நம்ம நாட்டுப் பொம்பளதான், எந்த ஊருன்னு யாருக்கும் தெரியாது. பேரும் தெரியாது. ஏன் சிரிக்கிய? பேரு ஊரு தெரியாதவ பாடுனா அது பாட்டு இல்லையா? நீங்களும் அந்த ஆளுகள மாதிரியே பேசுதியளே. டிவியில வரணும், கல்யாண வீட்டு பேண்டுக்காரன் வாசிக்கணும், பானிபூரி வண்டிக்காரன் முணுமுணுக்கணும். அப்பத்தான் இந்த பம்பாய்க்காரனுக்கு அது பாட்டு. காதுன்னு ஒண்ணு இருக்குங்கதே பாதிப் பேருக்கு ஞாபகம் இல்ல.

நீங்க நம்ம பக்கம்தான? அந்தப் பியூன்கிட்ட ஹிந்தி பேசுனியள்லா, அதுலயே கண்டுபிடிச்சிட்டேன். நாங்குநேரியா? சரிதான். இங்க எங்கன இருக்கிய? மான்குர்த். தாராவிப் பக்கம் வாறதுண்டா? தோல் பட்டறைக்காரங்க யாரும் பழக்கம் உண்டா? இல்லையா. சரி சரி. சும்மாதான் கேட்டேன். வீட்டுப் பத்திரம் பதியதுக்குத்தான வந்தீங்க? அது அடுத்த ரூம்பு. அந்த ஆபீசர் இன்னும் சாயா குடிச்சு முடிக்கல, இங்கனயே உக்காருங்க. ஃபேனாவது ஓடுது.

நானா? நான் ஒரு வேலையா வந்தேன். ஒருத்தன் வரணும், அவனுக்காகத்தான் காத்துக் கெடக்கேன். கூட வந்தவரு கீழ போன் பண்ணப் போயிருக்காரு. அந்தா, ரெண்டு பிள்ளைக பூ வச்சுக்கிட்டு நிக்காளுகள்லா, அதுகளும் என்கூடத்தான். டிராம்பேல ஒரே கம்பெனியில டைப்பிஸ்ட்டு, மூணு பேரும்.

வரவேண்டிய ஆளா? ரோஷன்னு பேரு. என்கூடப் படிச்சவன். பெரிய பாட்டுக்காரன். நான் சொல்லல, அவனே சொல்லிக்கிடுவான்.

எங்க வாப்பாவுக்குத் தாராவியில தோல்பை பட்டறை. மக இங்கிலீஷ்ல படிக்கணும்னு ஆசப்பட்டு மாட்டுங்காவுல ஒரு பள்ளிக்கூடத்துல கொண்டு போட்டாரு. அங்கன நான் உள்ள போனாலே பிள்ளைக மூக்கப் பொத்தும். தோல் வாடை அடிக்காம். டெய்லி சோப்பு போட்டுக் குளிச்சிட்டுத்தான் போவேன், பாத்துக்கிடுங்க. அதுகளுக்கு வாடை மூக்குல இல்ல, என் அட்ரஸ்ல அடிச்சுது. பாட்டு டீச்சர் ஒருத்தி உண்டு. ஆண்டு விழாவுக்கு எல்லாரையும் வரிசையா நிப்பாட்டிட்டு, நீ பின்னால போயி நில்லு ஆபிதா, சத்தம் வேண்டாம், வாய மட்டும் அசைன்னா. என் இங்கிலீஷ் அவ பாட்டக் கெடுத்துருமாம். அவ இங்கிலீஷ் பெரிய லண்டன் இங்கிலீஷ். தேர்ஸ்டேய தஸ்டேம்பா, சவம்.

நானும் வருசம் பூராவும் வாய அசைச்சேன். பாட்டு மட்டும் பாடல, அவளப் பத்தி என்னவெல்லாமோ சொல்லிக்கிட்டு அசைச்சேன். யாருக்குக் கேக்கப் போவுது?

அந்த ரோஷன் இருக்கானே, செம்பூர்ல பெரிய வீடு. மாமா ஹாங்காங்ல. அங்க இருந்து கேசட்டா வந்து எறங்கும். லேப்க்குப் பின்னால நின்னுக்கிட்டு ஒரு கிளப் நடத்துனான். சினிமாப் பாட்டு கேக்கவன் உள்ள வரக்கூடாது, அதான் சட்டம். ஊரு உலகத்துல எவனுக்கும் தெரியாத பாட்டா கண்டுபிடிச்சுக் கொண்டாரணும். கொண்டாந்தா என்ன செய்வான் தெரியுமா? மொதல்ல அட்டையப் பாப்பான். தாடி வச்ச வெள்ளைக்காரன் கிடாரோட சோகமா நின்னா, வாவ்! கேக்கதுக்கு முன்னாலயே வாவ். கேட்டுட்டுச் சொல்லேம்ல கோட்டிக்காரான்னு தோணும். சொல்ல மாட்டேன்.

என்னைய எப்படிச் சேத்தான்னா கேக்கிய? எங்க முகைதீன் காக்கா துபாய்ல இருந்து டேப் ரெக்கார்டர் கொண்டாந்துச்சு. அவன்கிட்ட ஒண்ணு இருக்கு, இன்னொண்ணு இருந்தாத்தான காப்பி அடிக்க முடியும்? அதுக்காகச் சேத்தான். பாட்டுக் காதுக்காக ஒண்ணும் இல்ல. அவங்க வீட்டுக்குப் போனா அவன் அம்மா, டேப் ரெக்கார்டர சோபாவுல வைம்பாங்க. என்னைய உக்காருன்னு சொன்ன ஞாபகம் இல்ல.

ஆனா பாட்டு நல்ல பாட்டுதான் அண்ணாச்சி. அதெப் பொய் சொல்லக்கூடாது. நம்ம பாஷை இல்ல, பாதி புரியாது. இருந்தாலும் ராத்திரி தலகாணிக்கடியில வச்சுக் கேட்டா, தாராவி சத்தமெல்லாம் அடங்கி, எவனோ ஒருத்தன் எனக்கு மட்டும் எதையோ சொல்லுத மாதிரி இருக்கும்.

இப்ப கேட்டுக்கிட்டு இருந்தேன்லா, அது நான் கண்டுபிடிச்சது. குர்லா ஸ்டேஷனுக்கு வெளிய ரேடியோ ரிப்பேர் கடை ஒண்ணு உண்டு. பழைய கேசட்ட எல்லாம் கூடையில கொட்டி வச்சிருப்பான், அழிச்சிட்டு மேல பதிஞ்சுக்கிடலாம்னு. அப்படித்தான் ஒண்ணு வாங்குனேன். அட்டை கெடையாது, பேரு கெடையாது. அழிக்கதுக்கு முன்னால போட்டுப் பாத்தேன். யாரோ வீட்டுல உக்காந்து பதிஞ்சிருக்காவ. ஒரு கிடாரு, எதையோ தட்டுத சத்தம், டப்பாவா டிரம்மான்னு தெரியல. ஒரு பொம்பளப் பிள்ள பாடுதா. சொந்தப் பாட்டு. வாடகை வீட்டப் பத்தி ஒண்ணு, பஸ்ஸ விட்டதப் பத்தி ஒண்ணு. பஸ்ஸ விட்டதுக்கெல்லாம் ஒரு பாட்டு எழுதலாம்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். நடுவுல குக்கர் விசில் அடிக்கும். ஆமா, குக்கர்தான். அதெ வெட்டாம அப்படியே விட்டிருக்காவ.

கொண்டுபோயி கிளப்புல போட்டேன். ரோஷன் அட்டையத் தேடுனான். அட்டை இல்ல. விசில் வந்திச்சா, விழுந்து விழுந்து சிரிச்சான். இது பாட்டா, சமையல் கிளாஸா, இதுல எத்தன விசில்ல சாம்பார் வேகும்னு கேட்டான். கூட இருந்த பயலுக எல்லாம் கெக்கெக்கேன்னு சிரிக்கானுவ. நான் கேசட்ட உருவிப் பைக்குள்ள போட்டுட்டு வந்துட்டேன்.

வாசல் வரைக்கும் ஒருத்தன் பின்னாலயே ஓடியாந்தான். வெங்கடராமன். மாட்டுங்காக்காரன், பாலக்காட்டு ஐயரு. கிளப்புல ஒரு மூலையில உக்காந்திருப்பான், வாயே தொறக்க மாட்டான். ஒரு நாளைக்குத் தரியான்னு கேட்டான். குடுத்தேன். மறுநாள் காலைல அசெம்ப்ளியில எனக்குப் பின்னால வந்து நின்னுக்கிட்டு, மெதுவா அவன் பாஷையில, ஆபிதா, நோக்குக் கேட்டுதா, அந்த விசில் வந்தோன்ன அவ சிரிப்ப அடக்கிண்டு பாடறாங்கான்.

அண்ணாச்சி, அந்தச் சிரிப்பு நானும் கேட்டிருந்தேன். வேற எவனுக்கும் கேக்கல. திரும்பத் திரும்பப் போட்டு, நமக்குத்தான் பிரம்மையோன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இவன் வந்து சொல்லிட்டான். பொறவு நாங்க ரெண்டு பேரும் தனிக் கிளப். பத்து முடிஞ்சு, காலேஜ் முடிஞ்சு, வேலைக்கு வந்தும், அவன் ஒண்ணக் கண்டுபிடிச்சா எனக்கு, நான் ஒண்ணக் கண்டுபிடிச்சா அவனுக்கு. அட்டைய யாரும் பாக்கதில்ல.

ரோஷன் கதைய விட்டுட்டேன் பாருங்க. காலேஜ்ல பேண்ட் வச்சான். விழாவுல மைக்கப் பிடிச்சுக்கிட்டு, யாருக்கும் தெரியாத ஒரு பெண்ணோட பாட்ட நான் கண்டுபிடிச்சிருக்கேன், பழைய கூடையில கெடந்த பொக்கிஷம்னு சொல்லி, எங்க குக்கர் பாட்டப் பாடுதான். வெங்கட்கிட்ட காப்பி வாங்கியிருக்கான், திருட்டு மூதி. நான் முன் வரிசையில உக்காந்திருக்கேன். கண்ணடிக்கான் என்னையப் பாத்து! அடுத்தால அவன் சொந்தப் பாட்டு. சுவர இடிப்போம், வேலியப் பிடுங்குவோம், உன் சாமி என் சாமி எல்லாம் காத்துல பறக்கட்டும்னு இங்கிலீஷ்ல. கூட்டம் மெழுகுவத்திய ஏத்திக்கிட்டு ஆடுது. ஒரு பிள்ள ஏங்கி ஏங்கி அழுதா. நானும் கை தட்டுனேன். பாட்டு நல்லாத்தான் இருந்துது. அதுதான் ஆத்திரமே.

இப்பவா? விளம்பரக் கம்பெனியில இருக்கான். பல்பொடிக்கு மெட்டு போடுதான். சுவர இடிக்கப் போனவன் பல்ல வெளக்கிக்கிட்டு இருக்கான். ஆனா இன்னும் பார்ட்டிக்குப் பார்ட்டி அந்தப் பாட்டுதான். போன மாசம்கூட எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல இழுத்து நிப்பாட்டி, இவங்களுக்காகத்தான் இதெ எழுதுனேன்னு எல்லார்கிட்டயும் சொன்னான். எழுதும்போது எங்களப் பத்தி அவனுக்கு ஒரு எழவும் தெரியாது. வெங்கட் அப்ப அவன் கையப் பிடிச்சு ஒண்ணு கேட்டான். ஒரு நாள் வா, ஒரு பத்து நிமிஷம் வேலைன்னு. நானே முன்னால நிப்பேன், என்னைய விட்டா யாரு இருக்கான்னு நெஞ்சத் தட்டிச் சொன்னான். நேத்து சாயங்காலமும் போன்ல, கட்டாயம் வாறேன்னான். காலைல பண்ணுனா அவன் அம்மா எடுக்காங்க. காய்ச்சலாம். பின்னால கிடார் சத்தம் கேக்கு. காய்ச்சல்ல எவனாவது கிடார் வாசிப்பானா? அதான் மறுபடியும் பண்ணிப் பாக்கேன்னு இவரு கீழ போனாரு.

அந்தா வந்துட்டாரு. தலைய ஆட்டுதாரு பாருங்க. வரலையாம்.

என்ன சொன்னான் வெங்கட்? ம்... அவன் அப்பாவுக்கு உங்க அப்பாவத் தெரியுமாம், நாளைக்கு முகத்துல முழிக்கணுமாமா? சரி, விடுங்க. விடுங்கன்னு சொல்லுதேன்லா. தண்ணி குடிங்க போயி. நான் இவுககிட்ட பேசிட்டு வாறேன்.

ஆமா அண்ணாச்சி, அவருதான். நோக்குக் கேட்டுதான்னு சொன்ன ஆளு. பட்டு வேட்டி கட்டுங்கன்னேன், கேக்கல. ட்ரெயின்ல எல்லாரும் பாப்பாங்கன்னு பேண்ட் போட்டுக்கிட்டு வந்திருக்காரு.

எதுக்கு அவன் வரணும்னா? கையெழுத்துப் போடத்தான். எங்களுக்கு இன்னைக்குக் கல்யாணம். இந்த ரூம்புலதான். அவரும் மதம் மாறல, நானும் மாறல, சர்க்காரு கல்யாணம். சாட்சி மூணு பேரு வேணும். அந்தப் பிள்ளைக ரெண்டு பேரு இருக்காளுக. மூணாவது, சுவர இடிக்கவன். இன்னைக்கு விட்டா இன்னொரு நாள் லீவு போட்டு, ரெண்டு வீட்டுக்கும் தெரியாம வரணும். அது நடக்காது. எனக்கு வர்ற வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுலருந்து பாக்க வாறாவ. கயத்தாத்துக்காரவ.

நீங்க போடுவியளா?

பேரும் அட்ரஸும்தான். வேற ஒண்ணும் கேக்க மாட்டாவ. அதான் தாராவிப் பழக்கம் உண்டான்னு மொதல்லயே விசாரிச்சேன். எங்க வாப்பாவத் தெரிஞ்ச ஆளா இருந்தா வாயே தொறந்திருக்க மாட்டேன். உங்களுக்குப் பெரிசா லஃப்டா, வம்பு ஒண்ணும் வராது. வராதுன்னுதான் நெனைக்கேன். வேண்டாம்னாலும் வருத்தம் இல்ல, பாட்டு எழுதுனவனே வரல, பாட்டே கேக்காத உங்களுக்கு என்ன தலைவிதி? யோசிச்சுச் சொல்லுங்க. ரொம்ப யோசிக்காதீங்க, ஆபீசர் சாப்பிடப் போயிருவாரு.

பயல் நல்லவனா? அதெ ஏன் கேக்கிய... நல்லவருதான். பேச மாட்டாரு. ஒரு பாட்டுல மத்தவனுக்கு கேக்காதது அவருக்குக் கேக்கும். குணத்துக்கு அது போதும்னு நான் நெனைக்கேன். நீங்க என்ன நெனைப்பியளோ.

வாப்பாவா? வாப்பா நல்லவரு அண்ணாச்சி. ரொம்ப நல்லவரு. இன்னைக்குக் காலைலயும் ஆபீசுக்குத்தான போறேன்னு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கூட வந்தாரு. அவரப் பத்திக் கேக்காதீங்க. வேற என்ன வேணும்னாலும் கேளுங்க.

போடுதியளா? நிஜமாவா?

இல்ல, அழல. ஃபேன் காத்து. ஐயோ, பேனா என்கிட்ட இருக்கு, நீங்க எந்திரிங்க. வெங்கட்! அந்தப் பிள்ளைகளக் கூப்பிடுங்க. எதுக்கா, வாங்கன்னா வாங்க.

என்ன அண்ணாச்சி? பயமா இருக்காவா?

இருக்கு. காலைலருந்தே இருக்கு. வாய நிப்பாட்டுனா அந்தானக்கி எந்திரிச்சு வீட்டுக்கு ஓடிருவேனோன்னுதான் இவ்வளவு நேரம் கண்டதையும் பேசிக்கிட்டு இருந்தேன். ம்... எங்க பேரத்தான் கூப்பிடுதாவ. நீங்க முன்னால போங்க, நான் முக்காட்டச் சரி பண்ணிட்டு வாறேன்.