அசையாத முன்சுவர்

எக்கோ எடுக்கும்போது மார்பில் தடவும் ஜெல் சில்லென்று இருக்கும். அதை உள்ளங்கையில் சற்று வைத்திருந்துவிட்டுத்தான் நான் தடவுவேன். அஸ்தம்பட்டி கிளினிக்கில் பத்தொன்பது வருடமாக அப்படித்தான். சரிதா அக்கா எடுத்தால் பயமே இருக்காது என்பார்கள்.

நீங்கள் விசாரணை அதிகாரி, இந்த மெஷின் பழக்கமிருக்காது. இதயத் தசையைப் பதினேழு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு சுருங்குகிறது என்று அது அளந்து காட்டும். நன்றாகச் சுருங்கும் பாகம் அடர்சிவப்பு. சுருங்காதது வெளிறித் தெரியும்.

என் மகள் யுவஸ்ரீக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஜெர்மனியில் வேலை கிடைத்திருந்தது. அவள் அப்பா போனபின் வீட்டில் நாங்கள் இருவர்தான். கிளம்ப இரண்டு மாதம் இருக்கையில், "ஏம்மா, படி ஏறுனா படபடங்குது. ஒருக்கா பாத்துருலாமா?" என்று அவளாகத்தான் கேட்டாள். நான் கூப்பிடவில்லை.

எடுத்தேன். பதினேழும் சிவப்பு.

அன்று காலை எருமப்பட்டியிலிருந்து சுப்பம்மாள் என்றொருவர் வந்திருந்தார். மாரடைப்பில் இதயத்தின் முன்சுவர் அசையாமல் போனவர். அவருடைய பதிவை யுவஸ்ரீ பெயரில் சேமித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டாக்டர் சந்திரசேகர் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "உக்காரும்மா" என்றார்.

அவர் எழுதிய மாத்திரையைச் சாப்பிட்டால் நாடி குறையும், உடம்பு சோரும். சோர்வு வந்ததால் நோய் உண்மைதான் என்று அவள் நம்பினாள். வேலை வேண்டாமென்று எழுதிவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை.

மூன்று வருடம் கழித்து, நோய் என்று தெரிந்தே ஆட்டையாம்பட்டி ஜெகதீஸ்வரன் அவளைக் கட்டிக்கொண்டான். நல்ல பையன். வைத்தியத்துக்கு வசதி என்று எங்கள் வீட்டிலேயே தங்கினான். அவள் உண்டானதும், "கொழந்த பொறந்ததுக்கப்பறம் எங்க ஊட்டுக்கே கூட்டிட்டுப் போயிர்றனுங்க அத்தை. எங்கம்மா பாத்துக்குவாங்க" என்றான்.

இந்த முறை இன்னும் மோசமான பதிவு தேவைப்பட்டது. தேடி எடுத்தேன். இதயம் பிரசவத்தைத் தாங்காது என்றார் டாக்டர். மூன்றாம் மாதம் கலைத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லீன்னா நான் செத்துருப்பேம்மா" என்றாள்.

"ஆமா சாமி" என்றேன்.

அதன்பிறகு ஜெகதீஸ்வரன் என்னிடம் சொல்லாமல் அவளைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப்போய்க் காட்டினான். இதயத்தில் ஒரு குறையும் இல்லை, எப்போதும் இருந்ததாகவும் தெரியவில்லை என்று அங்கே சொன்னார்களாம். மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆட்டையாம்பட்டியில் இருக்கிறாள். என்னிடம் பேசுவதில்லை.

எல்லாம் செய்தது நான்தான். டாக்டருக்குத் தெரியாது. எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

ஒன்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள். மாத்திரையை மறுபடி சாப்பிடட்டும். கோயம்புத்தூர்க்காரர்கள் ஒரே ஒரு தடவை பார்த்தவர்கள். நான் எடுத்துப் பார்க்கும்வரை நிறுத்த வேண்டாம். அவள் இதயத்தை என்னைப்போல் பார்த்துக்கொண்டவர்கள் யாருமில்லை.