செல்விக்குப் பார்த்த வீடுகள்

போனில் நான் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசுகிறவன் இல்லை, சார். அந்த வீட்டுக்காரர்களைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

என் பெயர் சவுரிராயன். திண்டிவனத்தில் சொந்த வீடு. முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். மனைவி அமலா இறந்த பிறகு எனக்கு மகள் ஆரோக்கியசெல்வி மட்டும்தான். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் ஸ்கூட்டரில் போய்வந்தாள்.

போன வருடம் ஒருநாள், "விழுப்புரத்துலயே வீடு பாத்துக்கிறேம்பா. நைட் டூட்டி முடிஞ்சி வண்டி ஓட்டிக்கினு வர முடியல" என்றாள். சரி என்றேன். வீடு பார்க்க நானும் கூடவே போனேன்.

வாடகை ஏறிக் கிடந்தது. தனியாக இருக்கும் பெண்ணுக்குத் தருகிறவர்களே குறைவு. அப்படியும் நாலு பேரைச் சம்மதிக்க வைத்தாள். ஒவ்வொரு முறையும் மறுநாள் நான் வீட்டுக்காரரை அழைத்தேன். "நாங்க காலனி ஆளுங்க. உங்களுக்குத் தெரியணும் இல்லீங்களா" என்றேன். அதில் பொய் இல்லை. நாலு பேரும் நன்றி சொன்னார்கள். அவளிடம், தங்கள் உறவினர் ஒருவர் குடிவருகிறார் என்றார்கள்.

"எப்படிப்பா கண்டுபுடிச்சிட்றாங்க?" என்று அழுதாள். அன்றைக்கெல்லாம் மீன் வாங்கிக் குழம்பு வைப்பேன்.

ஐந்தாவது, பரிமளா அம்மா. தனியாக இருப்பவர். நான் போனில் அதையே சொன்னதற்கு, "அதனால என்னங்க, எனக்கும் தொணையாச்சு" என்றுவிட்டார். செல்வி குடிபோனாள். பதினெட்டு நாள் தனியாகச் சாப்பிட்டேன். பத்தொன்பதாம் நாள் அந்த அம்மாவை அழைத்து, என் மகளைத் தேடி ஆண்கள் வருவார்கள், அதனால்தான் வீட்டைவிட்டு அனுப்பினேன் என்றேன். அது மட்டும் பொய்.

அன்று மாலையே அவள் சாமான்கள் தெருவில் கிடந்தன. நான்தான் வேன் பிடித்துப் போய் அழைத்து வந்தேன். பிறகு அவள் வீடு தேடவில்லை.

மூன்று மாதம் நன்றாகப் போனது. இரவெல்லாம் விழித்துவிட்டு வண்டி ஓட்டினால் காலை வெயிலில் கண் எப்படிச் சொக்கும் என்று எனக்குத் தெரியும். அதே சாலையில் ஓட்டியவன். விக்கிரவாண்டி தாண்டி, நின்றிருந்த லாரியில் மோதினாள். இனி நடக்க மாட்டாள் என்கிறார்கள்.

பார்க்க வந்த பரிமளா அம்மா, என் போனைப் பற்றி அவளிடம் சொல்லிவிட்டார்.

"நீதானாப்பா? அந்த நாலு வீடும்?"

"ஆமாம்மா."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

புகார் கொடுத்ததும் அவள்தான் என்கிறீர்கள். கோபம் ஆறிவிடும், சார். அடுத்த வாரம் டிஸ்சார்ஜ். கட்டிலைக் கீழ் அறைக்கு மாற்றிவிட்டேன். என்னைவிட்டால் அவளுக்கு வேறு யார் வீடு கொடுப்பார்கள்?