எதிர் பெஞ்சு

ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் வரும் ஷேர் ஆட்டோவில், எனக்கு எதிரே இரண்டு பெண்கள். இளையவள் அலுத்துக்கொண்டாள்.

“எங்க நகருக்குக் குடிவந்ததுல இருந்து ஒரே போர்க்கா. சுத்தி மரத்த விட்டா ஒண்ணுமே இல்ல. லீவு நாள்ல எங்க போறதுன்னே தெரியல.”

மற்றவளுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

“இன்னாமா இப்டி சொல்லிட்டே? அமாவாசைக்கு அமாவாசை நானும் எங்க வூட்டுக்காரரும் லவ் பண்றதுக்கே உங்க நகருக்குத்தான் வர்றோம்.”

ஓட்டுநரின் கண்கள் கண்ணாடிக்கு வந்தன. நான் கைபேசியை உள்ளே வைத்தேன்.

“அன்னிக்குத் தறிக்கு லீவும்மா. அங்க இருக்குற பார்க்கைச் சுத்தி நடப்போம். கேட்டாண்ட சூடா பஜ்ஜி வாங்கிக்கினு தூங்குமூஞ்சி மரத்தடி பெஞ்சுல உக்காருவோம். காத்து அப்டி வரும்.”

“தினமும்தான் அவரோட ஒண்ணா தறியில உக்கார்றீங்களேக்கா?”

“பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கினு ரெண்டு பேரும் நூலத்தான் பாப்போம். மூஞ்சிய எங்க பாக்குறது? அதுலயும் அவுருக்குக் கண்ணு மங்கிக்கினே வந்துச்சு. ரொம்ப பயந்துட்டேன். சாமி புண்ணியத்துல போன மாசம் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது.”

“இப்ப நல்லா தெரியுதா?”

“இந்த அமாவாசைக்கு எங்கூட உக்காராம எதிர் பெஞ்சுல போய் உக்காந்தாரு. ‘இன்னாய்யா, அங்க போயிட்டே?’ன்னேன். என்னையே பாத்துக்கினு இருந்தாரு. அப்புறம், ‘உனக்கு இவ்ளோ நரைச்சுப்போச்சா?’ன்னாரு.”

இளையவள் சிரித்துவிட்டாள். “டை அடிச்சிடுங்கக்கா.”

“அடிக்க மாட்டேன்மா.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாக்கட்டும். நல்லா பாக்கட்டும்.”