டிரெக்டர் உள்ள இருக்காங்க

இல்ல நானா, அந்தக் கதிரை வேணாம். உங்க பக்கம் அண்ணன நானான்னுதானே கூப்பிடுவாங்க? இப்பிடி வாங்க, ஜன்னல் பக்கமா. அங்க ஒக்காந்தா அந்தக் கதவையும் செகப்பு லைட்டையுமே பார்த்துக்கிட்டு இருப்பீங்க. நீங்க பார்த்தீங்கன்னு டொன்சில் சீக்கிரமா வெளிய வரப்போறதில்ல. ஆமா, உங்க மகள் ஷஹ்மா உள்ள போயி அரை மணித்தியாலம் ஆச்சு. நான்தானே தள்ளிக்கிட்டுப் போனேன். அழவே இல்ல. நீங்க ஒக்காருங்க. பயப்படுறதா இருந்தாலும் ஒக்காந்துகிட்டே பயப்படுங்க. இப்பிடிக் குறுக்கயும் நெடுக்கயும் நடந்தா தரைய நான்தான் தொடைக்கணும்.

இந்தாங்க, பிளேன்டி. பாலில்லாத தேத்தண்ணி, இஞ்சி போட்டது, சீனி போடல. என்ன? எப்பிடித் தெரியுமா? திகனையில ஹாட்வெயார் கடை வச்சிருக்கிறவங்க எல்லாம் சீனி இல்லாமத்தானே குடிப்பாங்க. சரி சரி, சும்மா சொன்னேன். கடை இருக்குன்னு எப்பிடித் தெரியும்னு அடுத்தாப்புல கேக்காதீங்க. நீங்களே பேசினா நான் எப்ப பேசுறது? குடிங்க. ஆ, நகம்! வாயில இருந்து கைய எடுங்க நானா. கடிக்கணும்னா கென்டீன்ல ரோல்ஸ் இருக்கு.

என் பேரு அன்னலட்சுமி. பன்வில பக்கம் தோட்டத்து ஆளு, இங்க ஒப்பரேஷன் தியேட்டர் அட்டென்டன். பிள்ளைங்கள உள்ள தள்ளிக்கிட்டுப் போறது, வெளிய கொண்டாறது. இதோட நான் ஒரு நாடக டிரெக்டர். கொழும்புல தெரிவு செஞ்சது. நெசமாத்தான் நானா! பார்த்தீங்களா, சிரிக்கிறீங்க. சிரிங்க சிரிங்க. ஒண்ணு ஆச்சு. என்ன ஒண்ணா? ஒண்ணுமில்ல, நான் எனக்கே சொல்லிக்கிட்டேன்.

அது எப்பிடின்னா, போனுக்கு ஒரு நோட்டீஸ் வந்துச்சு. பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் கதை சொல்லும் தியேட்டர் டிரெக்டர்களுக்கு நிதியுதவி, கூடவே வழிகாட்டின்னு. நான் வாசிச்சுப் பார்த்தேன். பிள்ளைங்க தியேட்டர், அது நாங்க. குடும்பம், அது வெளிய ஒக்காந்து நகம் கடிக்குதே, அது. கதை, அது என் வாய். டிரெக்டர்ன்ற சொல்லு மட்டும்தான் இடிச்சுச்சு. ஆஸ்பத்திரி டிரெக்டர் மேல் மாடியில இருக்கார். அவரு கதை சொல்லி நான் பார்த்ததே இல்ல. சரி, அவருக்குப் பதிலா நம்மளே விண்ணப்பம் போட்டா என்னன்னு போட்டுட்டேன். ஏமாத்தணும்னு இல்ல நானா, எனக்குத் தெரிஞ்ச தியேட்டர் இது ஒண்ணுதான். படம் பார்க்கப் போற எடத்த நாங்க ஹோல்னுதான் சொல்லுவோம்.

ஒரு நாள் அந்த நோட்டீஸ் போட்டவங்ககிட்ட இருந்து போன் கோல் வந்துச்சு. நிஷாந்தினி மிஸ்னு ஒருத்தவங்க, நல்ல மரியாதையாப் பேசினாங்க. தியேட்டர்ல நெறைய வருஷமா இருக்கீங்களான்னாங்க. ஆமா மிஸ், மகள் பொறக்க முந்தியே சேர்ந்திட்டேன்னேன். பார்க்க வர்றவங்க எப்பிடின்னாங்க. அம்மா அப்பாமாருங்க மிஸ், எல்லாரும் அழுவாங்க, ஆம்பளைங்கதான் கூடன்னேன்.  அப்பறம் மெதுவா, எல்லாருமேவான்னாங்க. அநேகமா எல்லாரும்தான், ஒண்ணு ரெண்டு பேரு மயங்கியும் விழுவாங்கன்னேன்.

அப்பறம் லைட் எப்பிடின்னாங்க. மேல இருந்து வரும் மிஸ், நிழலே விழாதுன்னேன். உடுப்பு? எல்லாருக்கும் ஒரே பச்சை, மூஞ்சியையும் மூடியிருப்பாங்கன்னேன். ஆஹா, முகமூடி அரங்கான்னு அந்த மிஸ்ஸுக்கு ஒரே சந்தோசம். ஒத்திகை எல்லாம் எப்பிடிப் பார்ப்பீங்கன்னாங்க. ஐயோ மிஸ், ஒத்திகை பார்த்தா பிள்ளை தாங்குமா, நேரா வெட்டுறதுதான்னேன்.

நானா, பார்த்து, தேத்தண்ணி மூக்குல ஏறிரும். ரெண்டு.

கேளுங்க, அதுக்கு மேலயும் அந்த மிஸ்ஸுக்கு வெளங்கல. பிள்ளைங்க கடைசி வரைக்கும் கவனமா இருப்பாங்களான்னு கேட்டாங்க. இல்ல மிஸ், அவங்க தூங்கிருவாங்க, தூங்க வைக்கிறதுக்குன்னே தனியா ஒரு டொக்டர் இருக்கார்னேன். அதுக்கப்பறம் வச்சிட்டாங்களோன்னு ஹலோ ஹலோங்கிறேன், அங்க விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க.

எனக்கு வெக்கமாப் போச்சு. கோவமும் வந்துச்சு. தெரியாம போட்டுட்டேன் மிஸ், மன்னிச்சிருங்கன்னு வைக்கப் போனேன். வைக்காதீங்க அக்கா, நீங்க அங்க என்ன கதை சொல்லுவீங்கன்னாங்க. சொன்னேன். ஒரு கிழமையில கண்டிக்கு வந்து எறங்கிட்டாங்க. அதோ, அந்தக் கதிரையிலதான் காலையில இருந்து பின்னேரம் வரைக்கும் ஒக்காந்திருந்தாங்க. நான் பிள்ளைங்களோட பேசுறது, அம்மாமாருங்களோட வம்பளக்கிறது எல்லாம் பார்த்தாங்க. போறப்ப, இது நாடகம்தான் அக்கா, டிரெக்டரும் நீங்கதான்னாங்க. நான் மேல் மாடியக் காட்டி, மெதுவாப் பேசுங்க, அவருக்குக் கேட்டிரப் போகுதுன்னேன்.

நிதியா? வந்துச்சு. எனக்கில்ல, வேலைக்கு. உங்க மகள் போன அந்த வண்டியப் பார்த்தீங்கதானே? சுத்தி வரைஞ்ச துணி கட்டி, முன்னுக்கு வளையம் வச்சு? அதான் பன்வில பஸ். பெரிய டொக்டர்கிட்ட சம்மதம் வாங்கித்தான் செஞ்சோம், தெனமும் தோய்க்கிற துணி. பிள்ளைதான் டிரைவர், நான் கொண்டக்டர். மடவளை, வத்தேகம, பன்வில, ஏறுங்க ஏறுங்க, உள்ளுக்கு எடம் இருக்குன்னு கத்திக்கிட்டே போவேன். உங்க மகள் என்னா ஓட்டு ஓட்டினா தெரியுமா? வளைவுல ஹோன் அடிக்கல்லன்னு என்னையே ஏசினா.

அந்த மிஸ் இப்பவும் மாசம் ஒருக்கா கோல் எடுப்பாங்க. இப்பிடிப் பேசு, அப்பிடி நில்லுன்னு சொல்லித் தருவாங்க. எல்லாத்தையும் நான் கேக்கிறதில்ல. கைய நீட்டிப் பேசாதீங்கன்னாங்க, கைய நீட்டாம எனக்குப் பேச்சு வராது. ஆனா ஒண்ணு சொன்னாங்க, அது மனசுல நின்னிருச்சு. கதைய ஆரம்பிக்க முந்தி, இது யாருக்கு வேணும்னு பாருங்க அக்கா, அழுறவங்களுக்கு மட்டும்தான் வேணும்னு நெனைக்காதீங்கன்னாங்க.

ஏன் திரும்பித் திரும்பிப் பார்க்கிறீங்க? லைட்டா? அது அப்பவே அணைஞ்சிருச்சு நானா. நீங்க மூக்குல தேத்தண்ணி ஏத்திக்கிட்டு இருந்தப்ப. அட, ஒக்காருங்க! எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு, சிஸ்டர் கதவுக்கிட்ட வந்து எனக்குக் கை காட்டிட்டுத்தான் போனாங்க. உங்க மகள் கண்ணு முழிக்கட்டும், கூப்பிடுவாங்க. இப்ப போனா தூங்குற பிள்ளையப் பார்த்து நீங்க அழுவீங்க. அது வேணாமாம்.

யாரு சொன்னதா? அவதான்.

இன்னைக்கு பஸ்ஸு வாசலுக்கு வந்ததும் நான் வழக்கம்போல கதைய எடுத்தேன். அவ கைய நீட்டி நிப்பாட்டிட்டா. எனக்கு வேணாம் ஆன்ட்டி, வாப்பாக்கு செல்லுங்கங்கிறா. சொல்லுங்கன்னு வராது அவளுக்கு, செல்லுங்கன்னுதான் வரும். வாப்பாதான் பயந்த ஆள், ராவு நான் தூங்கிட்டேன்னு நெனச்சுப் பக்கத்துல இருந்து அழுதாங்கன்னா. எனக்கு அழுகை வந்திருச்சு நானா, கொண்டக்டர் அழுதா பஸ்ஸு என்னாகும்னு அடக்கிக்கிட்டேன். அப்பறம் ஒவ்வொண்ணா சொல்லித் தந்தா பாருங்க. கதவப் பார்த்து இருக்க விடாதீங்க. பிளேன்டிக்கு இஞ்சி போடுங்க, சீனி போடாதீங்க. நகம் கடிச்சா ஏசுங்க. திகனையில கடை இருக்கு, ஆனா கடைக் கதை எடுத்துறாதீங்க, எடுத்தா சிமெந்து விலைதான் பேசுவாங்க. சிரிப்புக் கதைதான் வேணும், வாப்பா மூணு தரம் சிரிக்கணும். அந்த நிஷாந்தினி மிஸ்கூட எனக்கு இவ்வளவு தெளிவா வழி காட்டினதில்ல.

நிதியும் குடுத்தா. உள்ள போக முந்தி தலைக் கிளிப்ப கழட்டணும்னேன். கழட்டி என் கையில வச்சு, இது உங்களுக்குச் சம்பளம்னு விரல மடக்கி விட்டா. இந்தா பாருங்க, பட்டாம்பூச்சி. ஒரு றெக்கை கொஞ்சம் ஒடைஞ்சிருக்கு, பரவாயில்ல.

ஐயோ, அழுறீங்களே நானா. இப்பத்தான் ரெண்டு ஆச்சு, மூணாவது இன்னும் வரல. உள்ள இருக்கிற டிரெக்டருக்கு நான் என்ன பதில் சொல்றது?

அந்தா, சிஸ்டர் கூப்பிடுறாங்க. முழிச்சிட்டாவாம். போங்க, கப்ப நான் வாங்கிக்கிறேன். பேசச் சொல்லாதீங்க, தொண்டை வலிக்கும். அவளும் பேசமாட்டா, எத்தனைன்னு விரலத்தான் காட்டிக் கேப்பா. என்ன? கிளிப்பா? தரமாட்டேன் நானா. கடையில வேற வாங்கிக் குடுங்க, இது நான் வேலை செஞ்சு சம்பாதிச்சது. ஆ, இது என்ன, அழுகையா சிரிப்பா? சிரிப்புன்னே வச்சுக்குவோம். மூணு விரலக் காட்டுங்க நானா, மறந்து ரெண்டக் காட்டிறாதீங்க.