ஒரே ஒரு நாற்காலி

முதலில் ஒரு சின்ன விஷயம், சார். வெளியே உட்கார்ந்திருக்கிற காவலரின் போன் அடிக்கும்போது ஒரு பாட்டு வருகிறதே, அதைக் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்ல முடியுமா? குறையாகச் சொல்லவில்லை. பாட்டைப் பாதியில் வெட்டி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, மறுபடி வெட்டி, அந்த மனிதருக்கு அது உறைக்கவே இல்லை பாருங்கள். காலால் தாளம் வேறு போடுகிறார். சரி, விடுங்கள். அவரவர் ரசனை அவரவருக்கு. இதை நான் மனதாரத்தான் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். காது கேட்கும் கருவி விற்கிற கடையில் வேலை பார்க்கிறேன். விற்பது முதலாளி. வருகிறவரின் காதைச் சோதித்து, எந்த ஒலி எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, கருவியைக் கம்ப்யூட்டரில் இணைத்து அளவு வைத்துக் கொடுப்பது நான். தையல்காரர் உடம்புக்கு அளவெடுப்பது மாதிரிதான். மனைவி தையல்காரி என்பதால் இந்த உதாரணம் வாயில் வந்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் இரண்டே அறை. முன்னறையில் ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின், ஜன்னல் கட்டையில் ரேடியோ. பின்னறை என்னுடையது. சுவரெல்லாம் தடித்த துணி ஒட்டி, கனமான திரை போட்டு, இரண்டு ஸ்பீக்கர்களை அளந்து வைத்திருக்கிறேன். எதிரே நடுவில் ஒரே ஒரு நாற்காலி. இரண்டு பக்கத்து ஒலியும் சரியாக வந்து கூடுகிற இடம் ஒன்றுதான், அதில் இரண்டு பேர் உட்கார முடியாது. வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, கதவைச் சாத்தி, ஓர் இசைத்தட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடி உட்கார்வேன். தலையைக்கூட ஆட்ட மாட்டேன். ஒருவர் நம்மிடம் முக்கியமான விஷயம் சொல்லும்போது நாம் நடுவில் பேசுவோமா? அதே மரியாதைதான்.

அவள் பாட்டு கேட்கிற விதமே வேறு. காலையில் ரேடியோவைத் திருகினால் ராத்திரி படுக்கப் போகும்போதுதான் நிறுத்துவாள். எது வந்தாலும் சரி. பாடுகிறவரோடு அரை வரி பாடுவாள், நடுவில் வாசலில் நிற்கிற ஆளிடம் கழுத்து எவ்வளவு இறக்கம் வேண்டும் என்று கேட்பாள், பிறகு பாட்டு எங்கே போயிருக்கிறதோ அங்கே போய்ச் சேர்ந்துகொள்வாள். வார்த்தை மறந்தால் கையில் கிடைத்ததைப் போட்டு நிரப்புவாள். காதலி பெயர் வரவேண்டிய இடத்தில் நூல்கண்டு வரும், பட்டன் வரும். பாட்டு வேகமெடுத்தால் மெஷினும் வேகமெடுக்கும். ஒரு துள்ளல் பாட்டில் மெய்மறந்து மாடிவீட்டுக்காரர் சட்டையில் ஒரே தோளில் இரண்டு கையையும் தைத்துவிட்டாளாம். அதைத் தங்கையிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

நான் அவளைத் திருத்தப் பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் பின்னறைக்கு அழைத்துக் கதவோரம் ஒரு முக்காலி போட்டு உட்கார வைத்தேன். என்னிடம் இருப்பதிலேயே உயர்ந்த தட்டைப் போட்டேன். வெறும் வயலின், வேறெதுவும் இல்லை. அதில் ஓர் இடம் உண்டு. வயலின் நின்றுவிடும். முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கிற நேரத்தில், முன்பைவிடத் தாழ்ந்த குரலில் திரும்ப வரும். எத்தனை தடவை கேட்டாலும் அங்கே எனக்குக் கண் கலங்கும். கண்ணைத் திறந்து பார்த்தால் அவள் கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தாங்க இருக்கு. ஆனா ஏன் இப்படி அழுது வடியுது? யாராவது செத்துட்டாங்களா?" என்றாள்.

நான் தட்டிலிருந்து முள்ளை எடுத்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமாதானமாகச் சொன்னாள்: "உங்களுக்குப் பாட்டு சாமி மாதிரி. எனக்கு அது பக்கத்து வீட்டுக்காரி. வருவா, உக்காந்து பேசுவா, சிரிக்க வெச்சிட்டுப் போவா."

எனக்குக் கோபம் வரவில்லை, சார். வருத்தம்தான். அதற்குப் பிறகு நான் அவளை அழைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. பல வருஷம் இப்படியே, அவள் முன்னறையில், நான் பின்னறையில். பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவளுக்குக் காது மந்தமானதில் எனக்குச் சம்பந்தமில்லை. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அவள் அம்மாவுக்கும் அப்படித்தான், பரம்பரை. கீச்சென்ற மெல்லிய ஒலிகள் முதலில் போயின. ரேடியோவின் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. நானே கடைக்கு அழைத்துப் போய்ச் சோதித்து, நல்ல கருவியாகப் பார்த்து இரண்டு காதுக்கும் பொருத்தினேன். ஒழுங்காகத்தான் அளவு வைத்தேன். நூலைப் பல்லால் கடித்தபோது அந்தச் சின்ன ஒலி கேட்டதாம், அதற்கே அழுதாள். அன்றைக்கு முழுக்க ரேடியோதான். பாட்டில் பின்னால் வருகிற மணியோசையெல்லாம் மறந்தே போயிருந்தது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். அவள் சிரித்த சிரிப்பு என் துணிச்சுவரைத் தாண்டி உள்ளே வந்தது. என்னோடு பேசும்போது அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. இதை ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன்.

கொஞ்ச நாள் கழித்து, சின்னத் திருத்தம் இருக்கிறது என்று கருவியை வாங்கிப் போனேன். பேச்சுக்கு வேண்டிய ஒலிகளை அப்படியே விட்டேன். பாட்டுக்கு வேண்டியவற்றைக் கீழேயும் மேலேயும் வெட்டிவிட்டேன். எந்தப் பாட்டும் வெறும் ஒரு குரலாக, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கும். அவ்வளவுதான். யாருக்கும் வலிக்காத வேலை.

ரேடியோ கெட்டுப்போச்சா என்று கேட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரேடியோ நன்றாகத்தான் இருக்கிறது, இந்தப் பாட்டுகளே இப்படித்தான், இவ்வளவு நாள் உனக்குச் சரியாகக் கேட்காததால் தெரியவில்லை என்றேன். அவள் நம்பினாள். என் வேலை விஷயத்தில் என்னை மறுத்துப் பேசினதே இல்லை, அந்தக் குணம் அவளிடம் உண்டு. சில நாள் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டுப் பார்த்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். ரேடியோ மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். நீங்க சொன்னது சரிதாங்க, இதுக்கா இத்தன வருஷம் பைத்தியமா இருந்தேன் என்றுகூடச் சொன்னாள். வீடு அமைதியானது. என் வாழ்க்கையில் நிம்மதியான காலம் அதுதான்.

ஒரு சாயங்காலம் கடையில் கரண்ட் இல்லை, சீக்கிரம் வந்துவிட்டேன். தெருமுனையிலேயே ரேடியோ கேட்டது. கருவி இரண்டும் ஊசிப்பெட்டியில் கிடந்தன. அவள் வெறும் காதை ரேடியோமேல் அழுத்திவைத்து, முழுச் சத்தத்தில், கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கனத்த, தாழ்ந்த சுருதி ஒலிகள் அவள் காதில் இன்னும் மிச்சமிருந்தன, சோதித்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். முகமெல்லாம் சிரிப்பு. கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது. நான் வந்தது தெரியவில்லை. நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, வெளியே போய் ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் உச்ச வரம்பு வைப்போம். வெளியே எவ்வளவு பெரிய சத்தம் வந்தாலும் அதற்கு மேல் காதுக்குள் போகாது. போனால் மிச்சமிருக்கிற கேட்கும் திறனும் போய்விடும். வேலைக்குச் சேருகிறவனுக்கு முதலில் சொல்லித்தருவது அதைத்தான். இன்னொன்றும் சொல்லித்தருவோம். புதிதாகக் கருவி போடுகிறவர்கள் எல்லோரும் இரைகிறது, குத்துகிறது, தலைவலிக்கிறது என்பார்கள். நாங்கள் சொல்வது ஒரே பதில்: பழகிடும். முக்கால்வாசிப் பேருக்கு உண்மையிலேயே பழகிவிடும்.

நான் அந்த வரம்பை எடுத்துவிட்டேன். மற்றதையெல்லாம் மேலே ஏற்றினேன். காது நரம்பு தூங்கிப்போய்விட்டது, எழுப்ப வேண்டும், வேலை செய்யும்போது கழற்றவே கூடாது என்று அவளிடம் சொன்னேன். அவளுடைய வேலை தையல் மெஷின் முன்னால்.

"காதுக்குள்ள அடிக்கிற மாதிரி இருக்குங்க. கரண்டி விழுந்தாக்கூட உயிர் போயிட்டு வருது. பயமா இருக்கு," என்றாள்.

"பழகிடும்," என்றேன்.

கழற்றவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தைத்தாள். கொடுத்துவைத்தவன் நான், இந்தக் காலத்தில் யார் இப்படிச் சொன்ன சொல் கேட்கிறார்கள்? வேண்டுமென்று நான் எந்தச் சத்தமும் போடவில்லை. வாசல் கதவை மட்டும் சற்று அழுத்திச் சாத்துவேன். பழைய கதவு அது.

நாள் போகப் போக அவள் முகம் சுளிப்பது குறைந்தது. எங்கள் கடையில் சொல்கிற மாதிரியே பழகிவிட்டதே என்று சந்தோஷப்பட்டாள், பாவம். பிறகு நான் பேசினால் என் வாயைப் பார்க்க ஆரம்பித்தாள். பிறகு ஒரு நாள் கருவி காதில் இருக்கும்போதே, போட்டாச்சா என்று என்னைக் கேட்டாள்.

மைத்துனி வந்தது அதற்கப்புறம்தான். அவள் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள், இரைச்சல் அவளுக்குப் புதிதில்லை. அக்காவுக்கு ஏன் ஒன்றுமே கேட்கவில்லை என்று கருவியை எடுத்துத் தன் காதில் வைத்துப் பார்த்தாள். நான் குடித்த டம்ளரை மேசைமேல் வைத்தேன். அவள் கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, இத்தன நாளா அக்கா இதையா போட்டுட்டு இருந்தா?"

முதலில் அப்படித்தான் இருக்கும், பழகிடும் என்றேன். வாய் தவறி வந்துவிட்டது, தொழில் பழக்கம்.

"பழகல மாமா. செத்துப்போச்சு," என்றாள்.

கருவியைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு அக்காவையும் கையைப் பிடித்துக் கூப்பிட்டாள். நாங்கள் என்ன பேசினோம் என்று தெரியாத அவள், நாளைக்குக் கொடுக்க வேண்டிய துணி இருக்கிறது, நீ போ என்று உரக்கச் சொல்லிச் சிரித்தாள். தன் குரல் எவ்வளவு என்று இப்போது அவளுக்குத் தெரிவதில்லை. தங்கை அந்தக் கருவியை என் முதலாளியிடம் கொண்டுபோனாள். அவர் அளவைப் பார்த்துவிட்டு உங்களிடம் வந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

நீங்கள் வருவதற்கு முன் எனக்கு ஒரு சாயங்காலம் இருந்தது. அவளைப் பின்னறைக்கு அழைத்துப்போய் என் நாற்காலியில் உட்கார வைத்தேன். இதுவரை வேறு யாரும் அதில் உட்கார்ந்ததில்லை, சார். நான் முக்காலியில் எதிரே உட்கார்ந்து, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி நிதானமாக, உங்களிடம் சொன்ன எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். அவள் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்போ அந்தப் பாட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சா?"

அது அவரவர் ரசனை என்றேன்.

பிறகு அந்த வயலின் தட்டைப் போட்டேன். முள்ளை வைத்ததை அவளும் பார்த்தாள். எழுந்து போகவில்லை. முணுமுணுக்கவில்லை, கட்டைவிரல் அசையவில்லை, தலை ஆடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை என் முகத்திலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு வருஷத்தில் ஒருவர் அப்படி ஓர் இசையைக் கேட்டு நான் பார்த்ததில்லை. வயலின் நின்றது. நின்று, தாழ்ந்த குரலில் திரும்ப வந்தது. அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது.

இசை தெரியாதவள் என்று அவளைப் பற்றி நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன். சரியான இடத்தில்தான் அழுதாள், சார்.