கொதிநீர் ஊற்றிய கன்று

1991இல் ஒரு கிருத்திகை நாள். வல்லக்கோட்டை வழியாக ஒரகடம் போகும் பேருந்தில், பிள்ளைப்பாக்கத்தில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் என்று பேச்சில் தெரிந்தது. மூத்தவள் மடியில் ஒரு கூடை நிறைய நீலக் காயாம்பூ.

“இந்தப் பூ உன் வூட்லதான்க்கா கீது. வேற எங்கியும் நான் பாத்ததில்ல,” என்றாள் இளையவள்.

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “உனக்குக் குடுத்தேனே ஒரு கன்னு, அது வேருல கொதிக்கிற தண்ணிய ஊத்திட்டுத்தான் குடுத்தேன் கஸ்தூரி.”

“இன்னாக்கா சொல்ற?”

“ஊர்லயே என்கிட்ட மட்டும் இருக்கணும்னு ஒரு கெட்ட புத்தி. இத்த மனசுல வெச்சிகினு முருகன் முன்னால எப்டி நிக்கிறது? அதான் சொல்லிட்டேன்.”

கஸ்தூரி தன் கைகளை விரித்துப் பார்த்தாள்.

“அது பட்டுப்போனதும், என் கையில ராசி இல்லன்னு நெனச்சிகினேன்க்கா.”

“அய்ய, ஒரு செடிக்குப் போயா?”

“போன மாசம் எம் பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டாங்களே, நீயும்தான இருந்த. எல்லாரும் கூப்ட்டாங்க. நான் அதுமேல கையே வைக்கல.”

வல்லக்கோட்டை வந்தது. கஸ்தூரி திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள். மூத்தவள் எழுந்திருக்கவில்லை.

“கோயில் வந்துடுச்சும்மா,” என்றார் கண்டக்டர்.

கூடையை முந்தானையால் மூடிக்கொண்டு அவள் சொன்னாள்: “ஒரகடத்துக்கு ஒரு டிக்கெட் குடுப்பா.”